சமையல் மாஸ்டர்களைப் பேட்டி எடுப்பது எப்படி? காவிரி டெல்டாவிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் காரைக்காலிலும் உள்ள சமையல்காரர்கள், இனிப்பு மாஸ்டர்கள், பேக்கரிக்காரர்களின் பேச்சைப் பாட்காஸ்ட்டுக்காகப் பதிவு செய்து வருகிறோம். கல்லூரிப் பிள்ளைகளும், தங்கள் ஊரில் இதேபோல் தொடங்க நினைப்பவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்டவை.

யாரிடமிருந்து தொடங்குவது?

அடுத்த கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராகப் பின்கட்டுக்குப் போங்கள். "இன்னைக்கு சாம்பார் யார் வச்சது?" என்று கேளுங்கள். நாலு பேர் ஒரே ஆளைக் கை காட்டுவார்கள். அவரிடம் நம்பர் வாங்கிக்கொண்டு வந்தால் முதல் பேட்டி கிடைத்த மாதிரிதான்.

பெயர் பெற்ற கடையில் தொடங்கினால் பெரும்பாலும் முதலாளிதான் வந்து உட்காருவார். தாத்தா கடை போட்ட கதை, பெரிய மனிதர்கள் வந்து சாப்பிட்ட கதை எல்லாம் வரும். அவையும் வேண்டியவைதான். ஆனால் எண்ணெய்ச் சட்டி முன்னால் இருபது வருஷமாக நிற்கிற ஆளின் குரல் அதில் இருக்காது. அதனால் கேட்கும்போதே பிரித்துக் கேளுங்கள். ஹோட்டலில் வடை, பஜ்ஜி, இனிப்பு போடுபவர் சரக்கு மாஸ்டர். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர் எல்லாம் தனித்தனி ஆட்கள். கல்யாணத்தில் காண்ட்ராக்டர் ஒருவர், தலைமைச் சமையல்காரர் இன்னொருவர். சில இடங்களில் இருவரும் ஒருவரே. "மாஸ்டர்கிட்ட அரை மணி நேரம் பேசணும், அப்புறம் உங்ககிட்டயும் பேசணும்" என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. பக்கத்தில் முதலாளி நின்றால் மாஸ்டர் வாயைத் திறக்க மாட்டார். அந்த அரை மணி நேரத்துக்கு முதலாளியைக் கல்லாவிலேயே இருக்கச் சொல்லிப் பக்குவமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போனால் அவர்களுக்கு நேரம் இருக்கும்?

பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. கல்யாணச் சமையல்காரர்கள் வீட்டில் இருக்கிற மாதங்கள் அவை. புரட்டாசியிலும் பலருக்கு வேலை குறைவு. ஆவணியிலும் தையிலும் போன் எடுக்கவே மாட்டார்கள்.

இனிப்பு மாஸ்டர்களைத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் தொந்தரவு செய்யாதீர்கள். தீபாவளி கழிந்த பத்தாவது நாள் போங்கள், களைப்பும் தீர்ந்திருக்கும், சொல்லவும் நிறைய இருக்கும். ஐப்பசி மழையில் முறுக்கு நமுத்துப்போகாமல் எப்படிக் காப்பாற்றினார், ஈரக்காற்றில் பாகு எப்படி மக்கர் பண்ணியது என்பதெல்லாம் அப்போதுதான் சூடாக இருக்கும்.

பேக்கரிக்கு டிசம்பர் ஆகாது. வேளாங்கண்ணிப் பக்கம் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, அப்போதும் ஆகாது. நாகூர் கந்தூரி இஸ்லாமிய மாதக் கணக்குப்படி வருவதால் ஒவ்வொரு வருஷமும் தேதி முன்னால் நகரும். கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களில் மீன் சமைப்பவர்களுக்கு நல்ல காலம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீனும் கருவாடும்தான் ஓடும். "பெரிய மீன் இல்லாதப்ப குழம்புக்கு என்ன செய்வீங்க?" என்று அந்தச் சமயத்தில் கேட்டால் வருகிற பதில் வேறு எந்த மாதத்திலும் வராது.

ஒரு நாளில் எந்த நேரம் நல்லது?

ஹோட்டல் என்றால் மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் தொடங்குவதற்கு முன், மூன்று மணி வாக்கில். பேக்கரியில் ராத்திரி மாவு பிசைந்து விடியற்காலையில் சுட்டு, சரக்கு வண்டி ஏறியபின் பத்து மணி வாக்கில்.

கல்யாணச் சமையலுக்கு ஒரே பதில்: முதல் நாள் ராத்திரி, காய் நறுக்கும் நேரம். ராத்திரி விருந்து முடிந்திருக்கும். மறுநாள் காலைக்குப் பூசணிக்காயும் அவரைக்காயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தார்ப்பாய் விரித்து ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து நறுக்கிக்கொண்டே பேசுவார்கள். கை வேலையில் இருக்கிறபோது வாய் தன்னால் திறக்கும். நடுவில் நீங்களும் ஒரு அரிவாள்மனை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். சரியாக நறுக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொடுப்பார்கள், அதுவே பேட்டியாகிவிடும். வெண்டைக்காயைப் பொரியலுக்கு ஒரு மாதிரி, சாம்பாருக்கு ஒரு மாதிரி ஏன் நறுக்குகிறார்கள் என்பதை எனக்கு ஒரு பெரியவர் மயிலாடுதுறை மண்டபத்தில் ராத்திரி ஒரு மணிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது? பணம் கொடுக்க வேண்டுமா?

மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அப்படியே கூப்பிடுங்கள். ஹோட்டலில் "மாஸ்டர்", "அண்ணே". அக்ரஹாரத்துச் சமையல்காரர்களை எல்லோரும் "மாமா" என்பார்கள். நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் "பாய்". சமையலுக்கு வரும் பெண்களை வயதைப் பார்த்து "அக்கா" அல்லது "அம்மா". பெயர் சொல்லி "சார்" போட்டால் பேச்சு அலுவலக வாடை அடிக்கும். நம்மை "தம்பி", "பாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். வெற்றிலை போடுகிற ஆள் என்றால் ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலை போதும். பேட்டிக்கு என்று நாங்கள் பணம் கொடுப்பதில்லை. ஆனால் தினக்கூலிக்காரர் ஒருவர் நமக்காக அரை நாள் வேலையை விட்டால் அந்தக் கூலியைக் கொடுத்துவிடுகிறோம். அதைப் பேட்டிக்கு முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். கடைசியில் கையில் திணித்தால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

செய்முறையைக் கேட்கலாமா? சொல்ல மாட்டேன் என்றால்?

இதுதான் எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி. எங்கள் அனுபவத்தில், செய்முறையைக் கேட்டு வாங்கிய பேட்டிகள்தான் சப்பென்று இருக்கின்றன. பாசிப்பருப்பு இவ்வளவு, கோதுமை மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று ஒருவர் ஒப்பிப்பதைக் காதால் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. அளவு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கிடைக்காதது பதம். அதைக் கேளுங்கள்.

திருவையாற்றில் அசோகா கிண்டும் ஒரு மாஸ்டரிடம் நான் தொடக்கத்தில் எவ்வளவு நெய் என்றுதான் கேட்டேன். "பிடிக்கிற வரைக்கும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கேள்வியை மாற்றினேன்.

"எப்ப இறக்கணும்னு எப்படித் தெரியுது அண்ணே?"

"சட்டி விடும் தம்பி."

"விடும்னா?"

கிண்டுவதை நிறுத்தினார். துணி சுற்றிய கையால் சட்டியின் காதைப் பிடித்து லேசாகச் சாய்த்தார். அதுவரை அடியில் ஒட்டிக்கொண்டு குழைந்த மாவு மொத்தமாக ஒரே உருண்டையாக வழுக்கி நகர்ந்தது. அது விலகிய இடத்தில் சட்டி பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஓரத்தில் நெய் மெல்லக் கசிந்து கோடு கட்டியது. "இவ்வளவு நேரம் குடிச்ச நெய்ய இப்ப திருப்பிக் குடுக்குது பாருங்க. இதுக்கு முன்னாடி இறக்குனா பல்லுல ஒட்டும். இதுக்கு அப்புறம் இறக்குனா ஆறுனதும் கல்லு."

அந்த மூன்று வாக்கியத்துக்காகத்தான் நான் அங்கே போயிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. அதில் கிராம் கணக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் அசோகா செய்கிற ஒருவருக்கு அதைவிட உதவுகிற வார்த்தை கிடையாது. அவருடைய ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அதுவும் அவரிடமே பத்திரமாக இருந்தது.

யாராவது சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மசாலாப் பொடியின் கணக்குதான் அந்தக் குடும்பத்தின் சோறு. சுற்றி வளைத்துக் கறக்கப் பார்ப்பது திருட்டு.

"கண்ணளவு", "கைப்பக்குவம்" என்றே சொல்கிறார்கள். அதை எப்படி விவரமாக்குவது?

கையைப் பின்தொடருங்கள். அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்து அந்த இடத்திலேயே கேளுங்கள். "இப்ப பாகை விரல்ல தொட்டுப் பார்த்தீங்களே, என்ன பார்த்தீங்க?" என்றால், கம்பிப் பதம் எப்படி இழுபடும், அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்டால் எப்படி உருண்டு நிற்கும் என்று வரிசையாக வரும். "இப்ப அடுப்பைக் குறைச்சீங்களே, ஏன்?" "மூடியத் திறந்து மோந்தீங்களே, என்ன வாசனை வரணும்?" இப்படிக் கேட்டால் பதில் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை.

நம்முடையது காதால் கேட்கிற நிகழ்ச்சி. அதனால் சமையல்காரர்கள் காதால் சமைக்கிற இடங்களைத் தேடிப் பிடியுங்கள். நிறைய இருக்கின்றன. முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் விட்டதும் ஆரவாரமாகச் சத்தம் வரும். மாவில் உள்ள ஈரம் நீராவியாக வெளியேறும் சத்தம் அது. ஈரம் குறையக் குறையக் குமிழும் குறையும், சத்தமும் அடங்கும். பழகிய கை சட்டியைப் பார்க்காமலே அந்த அடக்கத்தைக் கேட்டு எடுத்துவிடும். திருவாரூரில் ஒரு மாஸ்டர் எங்களோடு திரும்பிப் பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சை நடுவில் நிறுத்தி, "வெந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அதன் பிறகுதான் சட்டிப் பக்கம் திரும்பினார். அந்தப் பதிவில் அவர் சொல்வதற்கு இரண்டு விநாடிக்கு முன் சத்தம் தேய்வது நமக்கும் கேட்கும். எங்கள் நேயர்கள் அதிகம் பாராட்டி எழுதிய இடம் அது.

வேறு என்ன கேள்விகள் நன்றாகப் பேச வைக்கும்?

அரிசி. டெல்டாவில் இதைக் கேட்காமல் வந்தால் பாதிப் பேட்டி. "புது அரிசியா, பழைய அரிசியா?" என்று தொடங்குங்கள். தை மாதம் சம்பா அறுவடை முடிந்து வரும் புது அரிசி சீக்கிரம் குழையும், தண்ணீர் குறைத்து வைக்கணும். பொங்கலுக்கு அது தேன். அதையே கல்யாணப் பந்திக்கு வடித்தால் சாதம் கட்டி கட்டியாக நிற்கும். அதனால் சமையல்காரர்கள் பழைய அரிசியைத் தேடி வாங்குவார்கள், அது தண்ணீரை அதிகம் குடித்து உதிரி உதிரியாக மலரும். மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ல் திறந்தார்களா, குறுவை போட்டார்களா, சம்பா எப்போது அறுத்தார்கள் என்பதெல்லாம் கடைசியில் இந்த அண்டாவில் வந்துதான் முடிகிறது. பெரிய சமையல்காரர்கள் விவசாயி மாதிரியே பேசுவார்கள்.

தண்ணீர். "எந்த ஊர்த் தண்ணியில பருப்பு வேகாது?" என்று கேட்டுப்பாருங்கள். கடலோரம் போகப் போக நிலத்தடி நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். கடின நீரில் பருப்பு சீக்கிரம் மசியாது. அதனால் வேதாரண்யம் பக்கம் சமையலுக்குப் போனால் பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீரைக் கேனில் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

பாத்திரம். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுகிற ஆள் இப்போது யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேளுங்கள். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். வெள்ளீயம் சுமார் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் சொம்பை அடுப்பில் ஏற்றணும். புதுசாக வந்த பையன் வெறும் சொம்பை அடுப்பில் வைத்து உருக்கிய கதை கிட்டத்தட்ட எல்லாச் சமையல் கோஷ்டியிலும் இருக்கிறது. கேட்டால் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

கெட்டுப்போன நாள். "எப்பவாவது சாம்பார் கைவிட்டுப் போயிருக்கா? பந்தி உட்கார்ந்தாச்சு, அப்ப என்ன செஞ்சீங்க?" இதைப் பேட்டியின் பிற்பாதியில், பழகிய பின் கேளுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் முகாம்களில் சமைத்தவர்கள் இருக்கிறார்கள். தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த ஊரில் தேங்காய் இல்லாமல் எப்படிக் குழம்பு வைத்தீர்கள் என்று கேட்டபோது ஒருவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை நாங்கள் வெட்டவில்லை.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்றும் உண்டு. "உங்க ஸ்பெஷல் என்ன?" இதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பார்கள்.

பேக்கரிக்காரர்களிடம் வேறு மாதிரி கேட்கணுமா?

ஆமாம். சமையல்காரர் ருசி பார்த்துத் திருத்தலாம். பேக்கரி மாஸ்டருக்கு அது முடியாது, அடுப்புக்குள் போன பிறகு கை வைக்க வழியில்லை. அதனால் அவருடைய அறிவு முழுக்க அடுப்புக்கு முன்னால் இருக்கிறது. வெயிலைக் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் மாவு தடதடவென்று பொங்கும், அதனால் ஈஸ்ட்டைக் குறைப்பார்கள், ஐஸ் தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். மார்கழிக் குளிரில் அதே மாவு சோம்பலாகக் கிடக்கும். "இன்னைக்கு ராத்திரி எவ்வளவு ஈஸ்ட் போடப்போறீங்க, ஏன்?" என்ற ஒரு கேள்விக்குக் காரைக்காலில் ஒருவர் கால் மணி நேரம் பதில் சொன்னார்.

ரொட்டி வெந்ததா என்று பார்க்க அடிப்பக்கத்தை விரல் கணுவால் தட்டுவார்கள். வெந்திருந்தால் உள்ளே கூடு மாதிரி "டொக் டொக்" என்று கேட்கும், வேகாவிட்டால் மந்தமாகக் கேட்கும். இரண்டையும் மைக்கில் பிடியுங்கள்.

தொழில் எங்கே கற்றார் என்பதையும் விசாரியுங்கள். ஐயங்கார் பேக்கரி என்ற பலகையை ஊருக்கு ஊர் பார்க்கிறோம். அந்த மரபு கர்நாடகத்தின் ஹாசன் பகுதிக் குடும்பங்களிடமிருந்து வந்தது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். நாகூரில் தம்ரூட் செய்கிற வீடுகளில் ஓவன் வருவதற்கு முன்பே, ரவை, பால், முட்டை, நெய், சர்க்கரைக் கலவையைச் சட்டியில் ஊற்றி, மூடிமேல் தணலைக் கொட்டி மேலும் கீழும் சூடு கொடுத்து வேகவைத்தார்கள். அதுவும் பேக்கிங்தான். அந்த அம்மாக்களைப் பேக்கரிக்காரர்கள் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

பெண்கள் குரல் குறைவாக இருக்கிறதே?

எங்கள் முதல் பத்துப் பேட்டிகளில் ஒரு பெண்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. மாஸ்டர் என்ற பட்டத்தைத் தேடிப் போனால் ஆண்கள்தான் கிடைப்பார்கள். மாவு அரைப்பவர், அப்பளம் இடுபவர், வீட்டிலிருந்தே இட்லிக் கடை நடத்துபவர், வளைகாப்புக்குச் சித்திரான்னம் செய்து தருபவர், கருவாடு போடுபவர் என்று தேடினால் பெண்கள் கிடைப்பார்கள். பலர் "என்கிட்ட என்ன இருக்கு, அவரக் கேளுங்க" என்பார்கள். "இட்லி மாவு பொங்குச்சா இல்லையான்னு எப்படிப் பார்க்குறீங்க?" என்று நேராக வேலையைக் கேளுங்கள். தயக்கம் போய்விடும்.

வடமாநிலத் தொழிலாளர்களும் இன்று டெல்டாவின் பல அடுப்படிகளில் நிற்கிறார்கள். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுப்படிச் சத்தத்தில் எப்படிப் பதிவு செய்வது? என்ன கருவி வேண்டும்?

ஒரு நல்ல போனும் அதில் செருகுகிற காலர் மைக்கும் இருந்தால் தொடங்கிவிடலாம். கொஞ்சம் காசு சேர்ந்ததும் கையடக்கப் பதிவுக் கருவி வாங்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். பேசும்போது அளவு காட்டும் கோடு மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரைக்கும் போகட்டும். தாளிப்பு விழும்போது எகிறும், அதற்கு இடம் வேண்டும்.

காலர் மைக்கில் ஒரு சிக்கல். மாஸ்டர் பெரும்பாலும் சட்டை போட்டிருக்க மாட்டார். தோளில் துண்டுதான். அதில் மாட்டினால் வியர்வை துடைக்கிற ஒவ்வொரு தடவையும் பரபரவென்று சத்தம். அதனால் கை மைக்கை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். நுரை உறை கட்டாயம். ஆவிக்கு நேர் மேலே நீட்டாதீர்கள்.

போனை விமான நிலைக்கு மாற்றுங்கள். அதோடு போனில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நாகப்பட்டினத்தில் மீன் வறுக்கும் ஒரு கடையில் ஒரு மணி நேரம் பதிவு செய்துகொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து கேட்டால் குரல் கணீரென்று இருக்கிறது, எண்ணெயின் சத்தம் சுத்தமாக இல்லை. வறுபடும் ஓசையை இரைச்சல் என்று நினைத்து போன் துடைத்துவிட்டது. மறுபடி போய் எடுத்தோம்.

மின்விசிறி, புகைபோக்கி விசிறி, அடுப்பு ப்ளோயர் எதையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். பிரிட்ஜை நிறுத்தச் சம்மதித்தால் உங்கள் வண்டிச் சாவியை அந்தப் பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடிப் போய்த் திரும்பவும் போட்டுவிடுவீர்கள். இனிப்புக் கடைப் பால் திரிந்துபோக நாம் காரணமாகக் கூடாது.

பேச்சு முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் எடுங்கள். வெட்டி ஒட்டும்போது அது இல்லாமல் ஓட்டை தெரியும். தனியாக எடுக்க வேண்டியவை: டபராவிலிருந்து டம்ளருக்குக் காபி ஆற்றுவது, கடுகு வெடிப்பது, கிரைண்டர் கல் சுற்றுவது, பந்தியில் இலை போடுவது.

கோயில் மடப்பள்ளியில் பதிவு செய்யலாமா?

உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. நைவேத்தியம் ஆகும் வரை அது சுவாமிக்கு உரிய இடம். கோயில் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு, மடப்பள்ளியில் வேலை செய்பவரை வெளியே மண்டபத்திலோ அவர் வீட்டிலோ பேட்டி எடுங்கள். உப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியங்களில் உப்பே சேர்ப்பதில்லை. உப்பு இல்லாமல் ருசியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பேட்டி எடுக்கலாம்.

சாம்பார், டிகிரி காபி கதைகளை எல்லாம் அப்படியே போடலாமா?

போடுங்கள், "இப்படிச் சொல்கிறார்கள்" என்று சொல்லிப் போடுங்கள். தஞ்சை மராட்டிய அரண்மனையில் சம்பாஜி விருந்தாளியாக வந்தபோது புளியைப் போட்டுச் சமைத்ததில் சாம்பார் பிறந்தது என்ற கதையை எல்லாச் சமையல்காரரும் சொல்வார்கள். அது செவிவழிக் கதை. டிகிரி காபிக்கும் அப்படித்தான். பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கியதால் அந்தப் பெயர் என்பார் ஒருவர். முதல் டிகாக்‌ஷன் என்பதுதான் டிகிரி ஆனது என்பார் இன்னொருவர். சிக்கரி திரிந்து டிகிரி ஆனது என்பார் மூன்றாமவர். மூன்று பேரையும் அடுத்தடுத்துக் கேட்கவிட்டால் அதுவே நல்ல நிகழ்ச்சி. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பேச்சுவழக்கைத் திருத்தலாமா?

கூடாது. "பக்குவம்" என்று அவர் சொன்னால் பக்குவம், "பதம்" என்றால் பதம். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத சொல் வந்தால் பிறகு உங்கள் குரலில் ஒரு வரி சேர்த்து விளக்குங்கள். கனைப்பு, இருமல், மூன்று முறை சொன்னதையே சொன்னது, இவற்றை மட்டும் வெட்டுங்கள்.

சாதி பற்றிய பேச்சு வந்தால்?

வரும். யார் சமைக்கலாம், யார் பரிமாறலாம், யார் எங்கே உட்காரலாம் என்பது இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பந்தியின் பெருமையை மட்டும் பேசுவது பொய். தன் அப்பாவை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள் என்று ஒருவர் சொல்ல நினைத்தால் கேளுங்கள், முழுக்கக் கேளுங்கள். ஆனால் போடுவதற்கு முன் அந்தப் பகுதியை மட்டும் அவருக்கு மறுபடி போட்டுக் காட்டி, சம்மதமா என்று கேளுங்கள். நாளைக்கு அதே ஊரில் அவர் வேலைக்குப் போக வேண்டும்.

அனுமதி எப்படி வாங்குவது? பிறகு வேண்டாம் என்றால்?

பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்கிவிடுங்கள். இன்ன தேதி, இன்ன இடம், இது எங்கே வரும், பெயர் போடலாமா. காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் பலர் மிரள்கிறார்கள். பிறகு எப்போது வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம். இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இரண்டையும் அன்றே எடுத்தோம்.

ஒரு நிகழ்ச்சி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் முடிந்தால் நல்லது. நாங்கள் நாற்பது நிமிடத்துக்குள் நிறுத்துகிறோம்.

பேட்டி வெளியான பிறகு என்ன செய்வது?

திரும்பப் போங்கள். இணைப்பை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், பலர் திறக்கவே மாட்டார்கள். நேரில் போய் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள், கூட வேலை செய்பவர்களும் கேட்கட்டும்.

திருவாரூர் முறுக்கு மாஸ்டருக்கு அப்படித்தான் போட்டோம். பட்டறைப் பையன்கள் சுற்றி நின்றார்கள். தன் குரலை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பின்னால் ஓடிய எண்ணெய்ச் சத்தத்தைத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "வெந்துருச்சு" என்று அவர் சொல்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். "இந்த ஈட்ட கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டேன் தம்பி. இன்னும் அடங்கல பாருங்க, உங்ககிட்ட பேசிக்கிட்டிருந்த அவசரம்" என்றார். அப்புறம் ஒரு பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இதக் கேளு, இது வேகாத சத்தம்" என்று அதே இடத்தை மூன்றாவது முறை போட்டுக் கேட்க வைத்தார்.

அன்றைக்குக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தோம். போட்டுக் காட்டப் போகும்போதும் மைக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.